கல்லும் கூத்தும்: ஆனந்தக் குமாரசுவாமியார் வரலாறு

சேலத்துக்கு மேற்கே தாரமங்கலத்தில் கயிலாசநாதர் திருக்கோயிலைச் சென்று கண்டார் எவரும் அங்குள்ள இரண்டு தூண்களை மறவார். ஒன்றில் இராமபிரான் வில்லேந்தி நிற்கின்றான். மற்றொன்றில் வாலியும் சுக்கிரீவனும் பொருகின்றனர். இராமன் நிற்குமிடத்து நின்று நோக்கினால் வாலி தெரிவான். வாலி நிற்குமிடத்து நின்று நோக்கினால் இராமன் தெரியான். கெட்டி முதலிமார் காலத்துச் சிற்பியர் அமைத்த இந்நுட்பத்தை உள்ளூர்ச் சிறுவரும் வருவார்க்குக் காட்டுவர். கண்டு வியந்து மீள்வாரே பலர். ஆயினும் அத்தூண்கள் கற்றோர்க்கு ஒரு பாடம் கூறுகின்றன என்பது எம் கருத்து. நிற்கும் இடம் வேறாயின் காணப்படுவதும் வேறாகும். தான் நின்ற இடத்திற்குத் தோன்றாத ஒன்றை இல்லையென்று துணிவானுக்கு வாலிக்கு நேர்ந்ததே நேரும்.

இப்பாடத்தை யாம் காலந்தாழ்த்தே கற்றோம். ஏறக்குறைய இருபதாண்டுகட்கு முன்னர் அக்கோயிலின் மண்டபத்தில் நடராசப் பெருமான் திருவுருவைப் பற்றிச் சில அன்பர்களுக்கு உரை கூறிக்கொண்டிருந்தோம். கல்லூரியொன்றில் நிலநூல் கற்பிக்கும் ஆசிரியர் ஒருவர் அருகே வந்திருந்து கேட்டார். உரை முடிந்ததும், இக்கல் எம்மலையினின்று வந்தது, இழை பிளவாத கல்லைச் சிற்பியர் எவ்வாறு தேர்ந்தனர், கற்சங்கிலியை ஒரே கல்லில் வளையம் வளையமாகக் கடைந்த வகை யாது என்று வினாவினார். எமக்கு விடை தெரியாது. தெரியாதென்று கூறியிருப்பின் பழுதில்லை. அவையெல்லாம் சித்தாந்தத்திற்குப் புறம்பான வினாக்கள் என்று கூறி அவரைப் போக்கிவிட்டோம். அவரும் வணங்கிச் சென்றார், பின் வந்திலர். சில ஆண்டுகள் கழிந்து ஆனந்தக் குமாரசுவாமியார் சிவபெருமான் திருக்கூத்தைப் பற்றி எழுதிய கட்டுரையையும், அவர்தம் வாழ்க்கைச் செய்திகளையும் அறிந்தபொழுது, யாம் போக்கியது எத்தகைய வினாவென்பது விளங்கிற்று. நாணமும் உண்டாயிற்று. அந்நாணமே இவ்வரலாற்றை எழுதத் தூண்டியது.

பிறப்பும் கல்வியும்

ஆனந்த கெந்திஷ் குமாரசுவாமியார் 1877-ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 22-ஆம் நாள் கொழும்பு நகரிற் பிறந்தார். தந்தையார் சர் முத்துக்குமாரசுவாமி; யாழ்ப்பாணத்து வேரூன்றிய சைவத் தமிழ்க் குடியினர்; இலங்கைச் சட்டசபை உறுப்பினர்; இங்கிலாந்து சென்று வழக்கறிஞர் பட்டம் பெற்றவர். அரிச்சந்திரன் கதையை ஆங்கில நாடகமாக்கியதும், பாலி மொழியிலுள்ள சுத்தநிபாதத்தை ஆங்கிலத்திற் பெயர்த்ததும் அவர்தம் பணிகள். தாயார் எலிசபெத் பீபி என்னும் ஆங்கில மாது. சைவ உலகம் நன்கறிந்த சர் பொன்னம்பலம் இராமநாதனும் சர் பொன்னம்பலம் அருணாசலமும் முத்துக்குமாரசுவாமியாரின் தமக்கையார் மக்களாதலின், நம் ஆனந்தருக்கு அத்தை மக்களாவர்.

குழந்தைக்கு இரண்டாண்டு நிரம்புமுன்னர் 1879-இல் தந்தையார் காலமாயினார். தாயாரும் மகனும் இங்கிலாந்திலேயே தங்கினர். ஆதலின் தமிழ்க் குடியிற் பிறந்தும் தமிழோசை கேளாது வளர்ந்தார் இவர். விக்ளிஃப் கல்லூரி என்னும் பள்ளியிற் பயின்று, பின்னர் இலண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் நிலநூலும் தாவரநூலும் கற்று 1900-இல் பட்டம் பெற்றார். கோயிலும் தேவாரமும் அறியாது வளர்ந்த இவ்விளைஞரே, பிற்காலத்தில் தில்லைக் கூத்தின் பொருளை உலகத்தார் செவியில் ஏற்றப்போகின்றவர். அவரை அங்கு அழைத்துச் சென்றது சமயக் கல்வியன்று. கல்லே என்பது குறிக்கொள்ளத்தக்கது.

கல்லாராய்ச்சி

1903 முதல் 1906 வரை இலங்கைக் கனிப்பொருளாய்வுத் துறையின் தலைவராக அவர் பணியாற்றினார். காடும் மலையும் நடந்து பாறைகளைத் தேர்ந்தார். அதுவரை உலகம் அறியாதிருந்த கனிப்பொருள் ஒன்றனைப் பிரையர் என்னும் அறிஞரோடு சேர்ந்து ஆராய்ந்து, இலங்கையின் பழம்பெயராகிய செரந்தீபம் என்பதனை அடியாகக் கொண்டு செரந்திபைட்டு எனப் பெயரிட்டார். கதிர்வீசும் இயல்புடைய தோரியனைட்டு என்னும் கனிப்பொருள் அறிவுலகிற்குத் தெரியவந்ததும் அவர் முயற்சியாலேயே. இப்பணிகளுக்காக இலண்டன் பல்கலைக்கழகம் அவருக்கு அறிவியற் பேரறிஞர் பட்டம் வழங்கிற்று.

இலங்கைப் பாறையைப் பற்றிய செய்தி சேலத்தார்க்கு என்னையெனின், கூறுதும். ஏற்காடு அமைந்துள்ள சேர்வராயன் மலையின் பாறையைச் சார்னகைட்டு என்பர் நிலநூலார். அவ்வினப் பாறை சென்னைப் பரங்கிமலையிலும் உண்டு. கடல் கடந்து இலங்கை மலைநாட்டிலும் உண்டு. ஒரு காலத்து ஒன்றாயிருந்த நிலத்தின் துண்டுகளே இவை என்பது அந்நூலார் துணிபு. ஆகவே குமாரசுவாமியார் இலங்கையிற் சம்மட்டி கொண்டு தட்டிப் பார்த்த கல்லுக்கும், யாம் நாள்தோறும் காணும் மலைக்கும் உறவு உண்டு. நம் நிலமும் கல்லால் வளமுடையதே. கஞ்சமலையில் இரும்புக்கல் உண்டு. சேலத்தின் வடபால் வெள்ளைக்கல் என வழங்கும் மாக்னசைட்டு வெட்டப்படுகின்றது. நாமக்கல்லிலோ ஒரே பாறையை உட்குடைந்து நரசிங்கருக்கும் அரங்கநாதருக்கும் குடைவரை அமைத்தனர் முன்னோர். கல்லை உடைத்து ஆராய்வார்க்கும் கல்லைக் குடைந்து கோயிலாக்குவார்க்கும் ஒன்றே முதற்பொருள். அதனை அவ்விருவரும் தம்முட் பேசிக்கொள்வதில்லை என்பதே குறை.

கைவினைஞரைக் கண்டமை

பாறை தேடி மலைநாட்டுச் சிற்றூர்களில் திரிந்தபொழுது குமாரசுவாமியார் வேறொன்றனையும் கண்டார். பித்தளை வார்ப்போர், யானைத்தந்தம் கடைவோர், பாய் முடைவோர், சுவரில் ஓவியம் தீட்டுவோர் ஆகிய பரம்பரைத் தொழிலாளர் ஆங்காங்கே வறுமையுற்று இருந்தனர். அவர் செய்பொருளை வாங்குவாரிலர். அப்பொருளின் இலக்கணத்தைக் கேட்பாருமிலர். அயல்நாட்டு ஆலைப்பொருளும் அயல்நாட்டு நடையுடையும் எங்கும் பரவின. நிலநூலார் வேறொருவராயின் தம் கல்லைப் பொறுக்கிக்கொண்டு சென்றிருப்பார். இவர் நின்று கேட்டார். அவர்தம் முதல் மனைவியார் எத்தெல் நிழற்படம் எடுக்க, இவர் தொழில்முறைகளைக் குறித்துக்கொண்டார். நாட்டார்க்குத் தம் பண்பில் மதிப்புண்டாக்கக் கருதி இலங்கைச் சமுதாயச் சீர்திருத்தச் சங்கம் ஒன்றனையும் நிறுவினார்.

இவ்வாராய்ச்சியின் பயனாக 1908-இல் இடைக்காலச் சிங்களக் கலை என்னும் பெருநூல் வெளிவந்தது. ஆங்கில நாட்டு வில்லியம் மாரிஸ் என்பார் கைத்தொழிலின் மேன்மையை நிலைநாட்ட வைத்திருந்த அச்சுப்பொறியிலேயே அந்நூல் அச்சாயிற்று. அதன் முறையை நோக்குக. கனிப்பொருளை வகைப்படுத்தக் கற்ற கண்ணே அணிவகையை வகைப்படுத்திற்று. எனினும் வகைப்படுத்தியதோடு அது நிற்கவில்லை. இப்பொருள் எதற்காகச் செய்யப்பட்டது, யார்க்காகச் செய்யப்பட்டது, செய்தவன் எந்நூலை மனத்திற்கொண்டு செய்தான் என்னும் வினாக்களை ஒவ்வொரு பொருள்மேலும் எழுப்பிற்று. இவ்வினாவிற்கு ஒருதுறை அறிவு விடையளிக்க மாட்டாது. பொருளை வார்ப்பவனையும் கேட்டல் வேண்டும். வழிபடுவோனையும் கேட்டல் வேண்டும். நூல் வல்லானையும் கேட்டல் வேண்டும். பல்துறையாரை ஓரிடத்துக் கூட்டுவது கலைப்பொருளே என்னும் உண்மையை அவர் கொள்கையாகக் கூறித் தொடங்கவில்லை, செய்துகாட்டிக் கண்டார்.

தில்லைக் கூத்து

அக்காலத்து ஐரோப்பிய அறிஞர் பலர் நம் திருவுருவங்களைக் கலையென ஒப்பவில்லை. 1910-இல் இலண்டனில் நடந்த ஒரு கூட்டத்தில், இந்திய நாட்டுத் தொழிற்கலைகளை நன்கறிந்த பெரியவர் ஒருவரே புத்தர் திருவுருவொன்றைக் கொழுப்பில் வெந்த மாவுருண்டைக்கு ஒப்பிட்டு இகழ்ந்தார். ஹாவெல் முதலியோருடன் குமாரசுவாமியாரும் அதனை எதிர்த்து நின்றார். அவ்வாண்டே இந்தியச் சங்கம் இலண்டனில் தோன்றிற்று. வெகுண்டு மறுத்தல் எளிது. பொருளை விளக்கிக் காட்டுதல் அரிது. அவர் அரியதனை மேற்கொண்டார்.

பல கைகளையுடைய உருவம் இயற்கைக்கு மாறானது என்பதே இகழ்ந்தோர் கூற்று. இதற்கு விடை சிற்பநூலில் மட்டும் இல்லை. சித்தாந்த நூல்களில் இருக்கின்றது. உண்மை விளக்கமும், திருமூலர் திருமந்திரமும், குமரகுருபர அடிகள் நூலும் திருக்கூத்தின் பொருளை உரைக்கின்றன. அவற்றை ஆங்கிலத்தில் எடுத்துரைக்கும் பணியை ஜே. எம். நல்லசாமிப் பிள்ளை முதலியோர் செய்துகொண்டிருந்தனர். நல்லசாமிப் பிள்ளை 1895-இல் சிவஞானபோதத்தை ஆங்கிலத்தில் வெளியிட்டவர். 1897-இல் சித்தாந்த தீபிகையைத் தொடங்கியவர். மொழிபெயர்ப்புக்களின் துணைகொண்டு குமாரசுவாமியார் திருக்கூத்தைப் பற்றிய தம் கட்டுரையை எழுதினார். அது முதன்முதல் வெளிவந்தது இலண்டன் கலையிதழிலன்று. 1912-இல் அச்சித்தாந்த தீபிகையிலேயாம். சித்தாந்த இதழ் படிப்போர் இதனை நினைவிற் கொள்ளல் வேண்டும். உலகம் முழுதும் பரவிய அக்கட்டுரையின் பிறப்பிடம் நம்மனோர் நடத்திய இதழே.

கட்டுரையின் பொருளைச் சுருங்கக் கூறுதும். துடியேந்திய கை படைத்தல். அமைத்த கை காத்தல். தீயேந்திய கை அழித்தல். ஊன்றிய திருவடி மறைத்தல். தூக்கிய திருவடி அருளல். இவை ஐந்தொழில். திருவடி முதல் திருமுடி ஈறாக ஐந்தெழுத்தும் அமைந்துள்ளன. சூழ்ந்த திருவாசி ஓங்காரம். ஆகவே நான்கு கை என்பது உடற்கூற்றுச் செய்தியன்று. தொழில் ஐந்தும் ஒருங்கே நிகழ்வதனை ஓருருவில் வைத்துக் காட்டிய அமைதி. இவ்வளவும் நம் மாணாக்கர் அறிந்ததே. குமாரசுவாமியார் இதனோடு நிற்கவில்லை. உலகத்து இயக்கம் அனைத்திற்கும் மூலமாகிய தாளகதி இக்கூத்து என்றும், உயிர்களை மாயையினின்று விடுவித்தல் இதன் பயன் என்றும், இது நிகழும் தில்லை நெஞ்சினுள்ளே உள்ளது என்றும் மூவகையாகப் பொருள் வகுத்து, அறிவியலும் சமயமும் கலையும் இவ்வோருருவில் ஒன்றுபட்டன என முடித்தார். இயற்கையின் இயக்கத்தை ஆராயும் அறிவியலார் எவரும் தம் ஆராய்ச்சிக்கு ஏற்ற உருவாக இதனைக் காணலாம் என்பது அவர் கருத்து. பாறையின் வயதைக் கணித்துப் பழகிய ஒருவர், கற்ப காலங்களின் தோற்றமும் ஒடுக்கமும் கூறும் நூலைக் கண்டபொழுது அதனைக் கட்டுக்கதையென ஒதுக்காது செவிகொடுத்தமையாலன்றோ இது விளைந்தது.

இங்ஙனம் உருவொன்றனை நடுவே வைத்தமையால் எத்தனை துறையார் அதனைச் சூழ்ந்தனர் என்பதும் காணத்தக்கது. இலங்கையில் பொலனறுவைச் சிவன் கோயிலில் அகழ்ந்தெடுத்த நடராசர் முதலிய செப்புத் திருமேனிகளைப் பற்றி, 1914-இல் கொழும்பு நூதனசாலைச் செப்புத் திருமேனிகளை ஆராய்ந்த நூலிற் குமாரசுவாமியார் எழுதினார்; சைவநூற் பொருள் கொண்டு அருணாசலனாரும் எழுதினார். பிரெஞ்சு நாட்டுச் சிற்பி ரோதேன் சென்னை நூதனசாலை நடராசரின் நிழற்படங்களைக் கண்டு, சிற்பியின் கண்ணால் அத்திருமேனியின் அசைவையும் அமைதியையும் வியந்து எழுதினார். அவர் மறைந்தபின் 1921-இல் அவ்வுரையும், குமாரசுவாமியார் உரையும், ஹாவெல் உரையும் ஒரே நூலாகப் பாரிசு நகரில் வெளிவந்தன. நிலநூல் கற்றவர், உளிபிடித்தவர், கலைப்பள்ளி நடத்தியவர் ஆகியோர் ஒரு திருமேனியின் முன் கூடிப் பேசியதாகவே அந்நூலைக் கருதலாம்.

பாஸ்டன் வாழ்க்கை

குமாரசுவாமியார் இந்தியா முழுதும் சுற்றி ஓவியங்களும் திருமேனிகளும் திரட்டினார். 1910-11-இல் அலகாபாத்துப் பொருட்காட்சியின் கலைப்பகுதியை நடத்தினார். தாம் திரட்டிய அனைத்தையும் நம் நாட்டிலேயே ஒரு கலைக்கூடமாக நிறுவ விழைந்தார். அதற்கு ஆதரவு கிட்டவில்லை. 1917-இல் அமெரிக்க நாட்டுப் பாஸ்டன் நகரின் நுண்கலைக்கூடம் அத்தொகுதியைப் பெற்று அவரையும் காப்பாளராக ஏற்றது. எஞ்சிய முப்பதாண்டும் அவர் அங்கேயே வாழ்ந்தார். நம் நாட்டார் ஏற்கத் தவறியதனைப் பிறநாட்டார் ஏற்றனர். இதற்கு யாரை நோவது?

அவர் எழுதிய நூல்களும் கட்டுரைகளும் பல நூறு. ஒவ்வொன்றும் இரண்டு துறைகளுக்கேனும் பாலமாயிற்று. 1916-இல் வெளிவந்த இராசபுத்திர ஓவிய நூல் ஓவியத்தையும் பக்திப் பாடலையும் இணைத்தது. 1917-இல் துக்கிராலா கோபாலகிருட்டிணையாவுடன் சேர்ந்து அபிநய தர்ப்பணத்தை ஆங்கிலமாக்கி, கூத்தின் கைம்முத்திரையும் சிற்பத்தின் கைம்முத்திரையும் ஓரிலக்கணத்தன என்பதனைக் காட்டினார். 1918-இல் சிவன் திருக்கூத்து என்னும் பெயரால் பதினான்கு கட்டுரைகள் நியூயார்க்கில் நூலாயின. 1927-இல் இந்தியக் கலையோடு இந்தோனேசியக் கலையையும் சேர்த்து வரலாறு எழுதினார். சாஞ்சி, பார்கூத்துக் கற்புடைப்புக்களையும் பழநூற் சொற்களையும் எதிரெதிர் வைத்து, அழிந்துபோன மரக் கட்டடங்களும் நகர வாயில்களும் இருந்த நிலையை உணர்த்தினார். 1934-இல் இயற்கை கலையில் மாறும் வகையை ஆராயும் நூலில் இந்தியச் சிற்பநூல், சீன ஓவியநூல், ஐரோப்பிய இடைக்காலத்து எக்கார்ட்டு என்னும் ஞானியார் உரை ஆகியவற்றை ஒருங்குவைத்து நோக்கினார்.

1943-இல் கலைப்பொருள்களைக் காட்சிக்கு வைப்பது ஏன் என்னும் வினாவையே நூற்பெயராக்கினார். கலைக்கூடக் காப்பாளரே அதனை வினாவியது வியப்பாம். கண்ணுக்கினிமை பயப்பது மட்டும் காட்சியின் பயனன்று. பொருள் எதற்காகச் செய்யப்பட்டதென உணர்த்துவதே பயன். அதனை உணராதார் அப்பொருளைக் கண்டாரல்லர் என்பது அவர் துணிபு.

1947-ஆம் ஆண்டு ஆகஸ்டில் அவருக்கு எழுபதாண்டு நிரம்பிற்று. பல நாட்டுப் பல்துறை அறிஞர் எழுதிய கட்டுரைகளைப் பாரத ஐயர் என்பார் தொகுத்துக் கலையும் சிந்தனையும் என்னும் பெயரில் அவருக்குக் காணிக்கையாக்கினார். இந்தியா சென்று இமயச் சாரலில் துறவு நிலையில் வாழ எண்ணியிருந்தார், அவ்வெண்ணம் நிறைவேறவில்லை. அவ்வாண்டு செப்டம்பர் 9-ஆம் நாள் பாஸ்டனுக்கு அருகிலுள்ள நீடாமில் உலகவாழ்வை நீத்தார்.

யாம் வேறுபடும் இடம்

பெரியோர் வரலாறு எழுதுவார் அவர்தம் கருத்தனைத்தையும் ஏற்றல் வேண்டுமென்னும் நியதியில்லை. பிற்காலத்தில் குமாரசுவாமியார் உலகத்து ஞானநெறிகள் யாவும் ஒரே உண்மையின் பல மொழிகள் எனக் கொண்டு, பெரும்பாலும் வேதாந்த வழியே பொருள் கூறினார். பதி, பசு, பாசம் மூன்றும் அநாதி எனக் கொள்ளும் சித்தாந்திக்கு அஃது உடன்பாடாகாது. திருக்கூத்தை விளையாட்டு எனக் கூறுங்காலும், உயிர்களின் மலம் பரிபாகமாதற்பொருட்டு இறைவன் அருளாற் செய்வது அது என்பதனை முன்வைத்தே யாம் கூறுவோம். மேலும், அவருக்குத் திருமேனி உண்மையை உணர்த்தும் குறி. நமக்கோ ஆகமவிதிப்படி எழுந்தருளுவிக்கப்பெற்ற திருமேனி இறைவன் நின்று அருள்செய்யும் இடம். பூசையற்றுக் கண்ணாடிப் பெட்டியுள் நிற்கும் திருமேனியை நினைக்குந்தோறும் எம் நெஞ்சு நோகும். பொருளின் பயனை இடைவிடாது வற்புறுத்திய அவரே அத்தகைய கூடத்தின் காப்பாளராய் முப்பதாண்டு இருந்தார் என்பது அவர் வாழ்க்கையில் நீங்காத முரண்பாடு.

எனினும் ஒன்று கூறுவோம். மாறுபடுதற்கும் முதலில் உரையாடல் நிகழ்தல் வேண்டும். அவர் எழுதியமையாலன்றோ, யாம் எங்கு ஒன்றுபடுகின்றோம், எங்கு வேறுபடுகின்றோம் என்று வரையறுக்க இயல்கின்றது. யாம் மண்டபத்தில் அந்நிலநூலாசிரியரைப் போக்கியபொழுது ஒன்றுபடவுமில்லை, வேறுபடவுமில்லை, கதவை அடைத்தோம். அவ்வளவே.

பின் விளைந்தவை

அவர் மறைந்தபின்னும் அவ்வுரையாடல் ஓயவில்லை. 1975-இல் பிரிட்ஜாப் காப்ரா என்னும் அணுநூலார், துகள்களின் தோற்ற ஒடுக்கங்களைச் சிவன் கூத்தோடு ஒப்பிட்டுக் கீழைநாட்டு ஞானத்தையும் தம் துறையையும் இணைத்து ஒரு நூல் எழுதினார். 2004-ஆம் ஆண்டு ஜூன் 18-ஆம் நாள், ஜெனீவா நகர்ப்புறத்து ஐரோப்பிய அணுத்துகள் ஆராய்ச்சி நிலையத்தில், இந்திய அரசு அளித்த இரண்டு மீட்டர் உயர நடராசர் திருவுருவம் திறந்துவைக்கப்பெற்றது. அதன் அடியிலுள்ள பலகையில் குமாரசுவாமியார் கருத்தே பொறிக்கப்பட்டுள்ளது. அணுவை ஆராய்வார் நாள்தோறும் அதனைக் கடந்து செல்கின்றனர். ஒப்புமையை அளவிறந்து நீட்டி, அணுநூலால் சித்தாந்தம் மெய்ப்பிக்கப்பட்டதென்று பேசுவாரை யாம் உடன்படோம். சித்தாந்தத்திற்கு அச்சான்று வேண்டுவதில்லை. ஒருவரையொருவர் அறியாத இருதுறையார் ஒரு திருவுருவின் முன் நின்று வினாவுகின்றனர் என்பதே போதும்.

வேறோர் நிகழ்ச்சி நமக்கு இன்னும் அணித்து. சோழநாட்டுப் பத்தூரில் 1976-இல் மண்ணினின்று வெளிப்பட்ட நடராசர் திருமேனி கடல் கடந்து விற்கப்பட்டு, பின்னர் இலண்டனில் காவலராற் கைப்பற்றப்பட்டது. அது பத்தூர்க் கோயிற்கே உரியதென நிலைநாட்ட அவ்வூர் வழக்கு மன்றத்தில் சிற்ப வரலாறு வல்ல நாகசாமி அவர்கள் சான்று கூறினார். திருமேனியில் ஒட்டிய மண்ணை ஆராய்ந்தாரும் உலோகத்தை ஆராய்ந்தாரும் கூறினர். கோயிலின் ஆகம நிலையும் எடுத்துரைக்கப்பட்டது. 1988-இல் கோயிலுக்குச் சார்பாகத் தீர்ப்பாயிற்று. மேல்முறையீட்டிலும் அது நிலைபெற, 1991-இல் பெருமான் தாய்நாட்டுக்கு மீண்டார். ஆகமம் மட்டும் அறிந்தாரால் அவரை மீட்டிருத்தல் இயலாது. மண் மட்டும் அறிந்தாராலும் இயலாது. பல்துறையாரும் ஒருவர் மொழியை ஒருவர் செவிமடுத்தமையால் இயன்றது. துறைகள் தம்முட் பேசுதல் ஓய்வுநேர இன்பம் என எண்ணுவார் இதனைச் சிந்திப்பாராக.

நாம் செய்யத்தக்கது

திருச்செங்கோட்டு மலைமேல் அம்மையப்பர் ஒரு திருமேனியில் இருகூறாய் விளங்குகின்றார். ஒரு கூறு மற்றொன்றாகிவிடவில்லை. ஒன்றனை விட்டு ஒன்று பிரியவும் இல்லை. துறைகளின் கூட்டுறவும் அத்தன்மையதாதல் வேண்டும். நிலநூலார் சித்தாந்தியாகவும் வேண்டா. சித்தாந்தி நிலநூல் பேசி மயக்கவும் வேண்டா. ஒரு திருவுருவின் முன் இருவரும் நின்று தாம் அறிந்ததைக் கூறி, அறியாததை வினாவுதல் போதும்.

நம் நாட்டுச் சைவ சபைகள் ஆண்டுதோறும் மார்கழித் திருவாதிரையன்று சொற்பொழிவு நடத்துகின்றன. அந்நாளில் ஒரு பொழுதேனும், சொற்பொழிவு மேடையை விட்டு, நடராசர் சந்நிதிக்கு எதிரேயுள்ள மண்டபத்தில், கல்லறிந்தார் ஒருவர், மெழுகு வைத்துத் திருமேனி வார்க்கும் தபதியார் ஒருவர், கூத்து வல்லார் ஒருவர், இயற்கை நூல் கற்பிக்கும் ஆசிரியர் ஒருவர், சித்தாந்த நூல் ஓதினார் ஒருவர் என ஐவரை அமரச் செய்தல் வேண்டும். ஒற்றைத் திருவடி ஊன்றிய திருமேனி சாயாது நிற்கும் நிறை எவ்வாறு அமைந்தது என்று சித்தாந்தி வினாவட்டும். ஊன்றிய திருவடி மறைத்தலைக் குறிப்பது ஏன் என்று தபதியார் வினாவட்டும். இளைஞர் கேட்டிருப்பர். பொருட்செலவு பெரிதில்லை, வேண்டுவது செவியே.

முன்னர்க் கூறிய நிலநூலாசிரியர் இன்று எங்குள்ளாரோ அறியோம். இவ்விதழ் அவர் கண்ணிற் படுமாயின், தாரமங்கலத்து மண்டபத்தில் அவர் கேட்ட வினாக்களுக்கு எம்மிடம் இன்றும் விடையில்லை என்பதனையும், அவற்றை அவர் வாயிலாகவே அறிய விழைகின்றோம் என்பதனையும் இதனால் தெரிவித்துக்கொள்கின்றோம். கூத்தப்பெருமான் திருவருள் முன்னிற்க.

திருச்சிற்றம்பலம்.